மூன்றாவது பெட்டி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரங்களும் அளவுகளும் அந்த இடத்திலேயே நோட்டில் குறித்தவை. என் ஞாபகத்தை நானே நம்புவதில்லை. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஆனால் மீட்டர் காட்டிய எண்கள் பொய்யில்லை. அவை இன்னும் என் நோட்டில் இருக்கின்றன.

ஒலிக்கருவி மாலை வகுப்பில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. என் அக்கா பேஸ் கிட்டார் வாசிப்பவள். அன்று ஏழரைக்கு அவள் குழுவின் முதல் மேடை. பழைய கட்டடத்தின் மாடியில் சின்ன அரங்கம், எண்பது நாற்காலி, வெளியேற ஒரே கதவு. இணைப்பு வேலை முழுக்க என் தலையில். நான் தனியாகச் செய்யும் முதல் வேலை அதுதான். ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் கருவி, வகுப்பு மாஸ்டரிடம் இரவல் வாங்கியது. தரும்போதே சொன்னார்: "நாலு ஓம்ஸுக்குக் கீழ போயிடாதே. போனா கொதிக்கும். கொதிச்சா எரியும்."

கணக்கு எளிது. ஓம்ஸ் என்பது மின்தடையின் அளவு; பெட்டிகள் கூடக் கூட அது குறையும். எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் நாலு. அதுதான் எல்லை. மூன்றாவது பெட்டி சேர்ந்தால் ஆபத்து. மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும்: ஒரு பெட்டிக்கு ஆறு சொச்சம், இரண்டுக்கு மூன்று சொச்சம்.

மாலை 6:10. முதல் பெட்டி 6.2. இரண்டாவது 6.2. இரண்டையும் கேபிளில் சேர்த்தேன். ஆம்பில் செருக வேண்டிய முனையில் மீட்டரை வைத்தேன்.

2.1.

மறுபடி வைத்தேன். 2.1. மூன்று பெட்டிகள் இருந்தால் வர வேண்டிய எண் அது. எண்ணிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், விரலால் தொட்டே எண்ணினேன். இரண்டு.

"இன்னுமாடா முடியலை?" அக்கா மேடையிலிருந்து கத்தினாள். "சோத்துல கல் பொறுக்குற மாதிரி என்னடா பொறுக்கிட்டிருக்கே?"

"அளவு தப்பா வருதுக்கா."

"மீட்டர் கோளாறா இருக்கும். சுவிட்சைப் போடு, ஆள் வர ஆரம்பிச்சிடுவாங்க."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தப்பு என்றால் முதலில் என் கையைத்தான் சந்தேகிப்பேன். பிறகு கேபிளை. 6:24க்குப் புதுக் கேபிள் மாற்றினேன். 2.1. பெட்டிகளுக்குப் பின்னால், சுவரோரம், நாற்காலிகளுக்கு அடியில் எல்லாம் தேடினேன். வேறு ஒயரே இல்லை. இடது சுவரில் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்குப் பூச்சு நிறம் மாறியிருந்தது. அந்த இடம் சில்லென்று இருந்தது...

6:31. இரண்டு பெட்டிகளையும் கழற்றிவிட்டேன்.

கேபிளின் ஒரு முனையில் மீட்டர். மறுமுனை என் இடது கையில். எதிலும் செருகவில்லை. மீட்டர் எதுவும் காட்டக் கூடாது.

6.2.

கையிலிருந்த முனையைப் பார்த்தேன். வெறும் பித்தளை. அதன் மறுபக்கம் காற்றுதான்.

எண் அசைந்தது. 6.9... 5.4... 6.2.

அந்த அசைவை வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கரின் கூம்பை யாராவது கையால் அழுத்தினால் எண் அப்படித்தான் ஆடும்.

மூன்று முறை அசைந்தது. நின்றது. மறுபடி மூன்று முறை.

யாரோ... அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா... இங்க வா."

வந்தாள். பார்த்தாள். அவள் முகத்திலிருந்த கிண்டல் போன இடம் தெரியவில்லை.

"கையில எதைடா தொட்டிருக்கே?"

"எதையும் தொடலை."

"நிறுத்திடலாமா?" அவள் குரல் உடைந்தது. இந்த ஒரு மாலைக்காக எட்டு மாதம் பாடுபட்டவள்.

நான் யோசித்தேன். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மூன்றாவது பெட்டி இருக்கிறது என்கிறது மீட்டர். இருக்கிறது என்றே கணக்குப் போட்டால்?

எங்கள் பெட்டிகளில் ஒன்றை மட்டும் செருகினேன். அளந்தேன்.

3.1. பாதுகாப்பான அளவு.

"ஒரு பெட்டி போதும்க்கா."

7:34க்குத் தொடங்கினார்கள். நான் ஆம்பின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். இளஞ்சூடுதான். ஆனால் சத்தம்... எங்கள் பெட்டி வலது பக்கம் இருந்தது. பேஸ் இடது சுவரிலிருந்தும் வந்தது.

9:04. கடைசிப் பாட்டு முடிந்தது. ஆம்பை அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கினேன்.

9:05.

டும். டும். டும்.

இடது பக்கம்.

டும். டும். டும்.

அக்காவைப் பார்த்தேன். அவள் கைகள் கம்பிகளின் மேல் இல்லை.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் காலை சாமான்களை எடுக்கப் போனேன். முந்தின இரவு பின்வரிசையில் நின்றிருந்த நாற்காலி வாடகைக்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் இடது சுவரையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"அங்க ஒரு சின்ன ரூம் இருந்துச்சு தம்பி. இப்ப அடைச்சிட்டாங்க."

"ஏண்ணே?"

இன்னொரு நாற்காலியைக் கையில் எடுத்தார். பிறகு சொன்னார்.

"ஒன்பது வருஷம் ஆச்சு. இதே மாதிரி ஒரு கச்சேரி. ஆம்ப் அந்த ரூமுக்குள்ள இருந்துச்சு. யாரோ ஒருத்தர் உள்ளேயே ஒரு பெட்டியைக் கூடுதலா மாட்டி வச்சிருக்காங்க. ஒயர் வேலை பாத்தவருக்குத் தெரியாது. உன்னை மாதிரிதான், மீட்டரும் கையுமா இருப்பார். அளவு தப்பா வருதேன்னு நாலஞ்சு தடவை பாத்தார். அப்புறம் மீட்டர் கோளாறுன்னு சொல்லிட்டு சுவிட்சைப் போட்டுட்டார்."

"அப்புறம்?"

"கடைசிப் பாட்டுல ஆம்ப் புகைஞ்சிருக்கு. அணைக்க உள்ளே போயிருக்கார். கதவு சாத்திக்கிச்சு, திறக்க வரலை. உள்ளேயிருந்து தட்டியிருக்கார், மூணு மூணா. பாட்டு முடிஞ்ச பிறகும் அந்தச் சத்தம் கேட்டுச்சு தம்பி. நாங்க பேஸ்னு நினைச்சோம்."

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"எழுந்து நின்னு கைதட்டினோம். நேத்து நீங்கல்லாம் தட்டின மாதிரியே."