எங்க ஸ்கூலுக்கு இப்போ என்ன பேரு?

ஸ்கூலில் திட்டு வாங்குவது பிள்ளைகள்தான் என்று நினைக்கிறவர்கள், அட்மிஷன் மேசைக்குப் பின்னால் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, நீங்களும் பட்டவர்கள். திருப்போரூரில், பஸ் ஸ்டாப்பை ஒட்டி மதில் சுவர் உள்ள ஒரு தனியார் பள்ளியில் எனக்கு அந்த நாற்காலி.

இந்த வருஷம் அது கொஞ்சம் அதிகமாகவே சுட்டது. எல்கேஜி நிறையாவிட்டால் அந்த வகுப்பையே மூடிவிடலாம் என்று பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் சொல்லிவிட்டார். மூடினால் வேலை போவது எல்கேஜி டீச்சர் பர்வீனுக்கு. மத்தியானச் சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கிற ஒரே ஜீவன் அவள். ஒரு காலத்தில் சீட்டுக்கு ஊரே சிபாரிசு பிடித்த பள்ளி இந்த நிலைமைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், மேசையிலிருந்து நான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

அடிக்கிற ஸ்கூல்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குக் கண்டிப்பான ஸ்கூல் என்று பெயர். "அடிப்பீங்க இல்ல?" என்று உறுதி செய்துகொண்டுதான் அப்பாக்கள் கையெழுத்தே போடுவார்கள். எங்கள் பி.டி. மாஸ்டர் கிரவுண்டில் இறங்கினால் காக்கா கூட யோசித்துத்தான் கத்தும். அவரிடம் முட்டி போட்டு வளர்ந்த குமரேசன் இப்போது மனை விற்கிறார்.

இரண்டு வருஷம் முன்பு மகளைச் சேர்க்க வந்தார். "கொழந்த கிட்ட கொரல ஒசத்தி பேசுவீங்களா மேடம்?" என்று பவ்யமாகக் கேட்டார். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் உள்ளே வந்தார். வயதாகி, முடியும் கோபமும் ஒன்றாகவே உதிர்ந்துபோன மனிதர். "டேய் குமரேசா, உன் பொண்ணா? என்கிட்ட வுடு, நான் பாத்துக்கறேன்" என்று ஆசையாகத்தான் சொன்னார். குமரேசன் எழுந்து நின்று கும்பிட்டார். மகளின் கையை மட்டும் விடவில்லை.

"வேணாம் சார், அவளுக்கும் சேத்து நானே வாங்கிகினேன்."

ஏசி இல்லாத ஸ்கூல்

குமரேசனின் மகள் ஓ.எம்.ஆர். ரோட்டில் புதிதாக வந்த பள்ளிக்குப் போனாள். அங்கே வகுப்பில் ஏசி, பஸ்ஸில் ஏசி. அவள் பின்னாலேயே பாதித் தெரு போனது. அதுவரை கண்டிப்பான ஸ்கூலாக இருந்த நாங்கள் ஒரே கோடையில் வேர்க்கிற ஸ்கூல் ஆனோம்.

கரஸ்பாண்டன்ட் யோசித்து ஒரே ஒரு ஏசி வாங்கினார். அதை என் அறையில் மாட்டினார். வருகிறவர்கள் குளிர்ந்துபோய் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. மே மாதத்தில் ஒரு அம்மா காய்கறிப் பையோடு வந்து உட்கார்ந்தார். நான் பாடத்திட்டத்தில் ஆரம்பித்து ஆண்டு விழா டான்ஸ் வரை தொண்டை வறளப் பேசினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"சேக்கறதுக்கெல்லாம் இல்ல மேடம், பஸ்ஸு வர்ற வரிக்கும் சில்லுனு குந்திகினு போலாம்னு வந்தேன்."

மண் இருக்கிற ஸ்கூல்

எங்கள் மைதானம் வெறும் மண். சிமென்ட் போட வசதியில்லாமல் அப்படியே விட்டது. இந்த ஏப்ரலில் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். மைதானத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். "பிள்ளைங்க மண்ணுல விளையாடணும்னு வேணும்னேதான் இப்படி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். கரஸ்பாண்டன்ட் கண் கூட இமைக்காமல், "அதுதாங்க எங்க கொள்கை" என்றார்.

பையனைச் சேர்த்துவிட்டார்கள்! எல்கேஜிக்கு முதல் பிள்ளை. கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் துரை அண்ணன் அவர்கள் போகும்வரை பொறுத்திருந்து என் ஜன்னலுக்கு வந்தார்.

"இத்தினி வருஷமா சிமென்ட் போடு போடுன்னு கத்திகினு கீறேன், நல்லவேள ஒருத்தரும் காதுல வாங்கல."

அழுகிற ஸ்கூல்

ஆனாலும் ஜூனில் பள்ளி திறந்தபோது எல்கேஜிப் பிள்ளைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அத்தனை பேரும் ஒரே சுருதியில் அழுதார்கள். எல்கேஜி வகுப்போ பஸ் ஸ்டாப் பக்கம். வெளியே நிற்கிற கூட்டம், உள்ளே என்னவோ கொடுமை நடக்கிறது என்று பேசத் தொடங்கியது. வகுப்பைப் பின்பக்கம் மாற்றச் சொன்னார் கரஸ்பாண்டன்ட். பர்வீனோ, "ரெண்டு நாள் பொறுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மதிலுக்கு மேல் பஸ் ஸ்டாப் தெரிகிற, மூடியே கிடந்த ஜன்னலைத் திறந்தாள்.

பஸ் வந்து நின்றது. அழுகிறதிலேயே பெரிய அழுகையைத் தூக்கி ஜன்னல் திட்டில் நிறுத்தி, "கண்டக்டர் மாமாவுக்கு டாட்டா காட்டு" என்றாள். கண்டக்டர் நல்ல மனுஷன், இரண்டு விசில் கூடுதலாக ஊதினார். அடுத்த பஸ்ஸுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலில். வாரம் முடிவதற்குள் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரே கூச்சல், கும்மாளம். பஸ்ஸில் இருப்பவர்களும் கை ஆட்டினார்கள். ஒருநாள் காலையில் ஓர் இளம் அம்மா, கால் உதைத்துத் திமிறுகிற மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க என் மேசைக்கு வந்தார்.

"இத மொதல்ல சேத்துக்கோ மேடம், இது ஏற மாட்டேன்னு அடம் புடிச்சி ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டேன்."

டாட்டா ஸ்கூல்

அதற்குப் பிறகு கண்டக்டரே, "டாட்டா ஸ்கூல் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார். விசாரிக்க வந்தவர்கள் யாரும் ஏசி பற்றியும் கேட்கவில்லை, அடி பற்றியும் கேட்கவில்லை. அந்த ஜன்னல் எது என்றுதான் கேட்டார்கள். ஜூலையில் எல்கேஜி நிறைந்தது. கடைசி அப்ளிகேஷனில் சீல் குத்தும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகக் கூட இல்லை.

கரஸ்பாண்டன்ட் நேராக வகுப்புக்கே போனார். மூடுவது என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு, இன்னொரு ரூம் ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டார். பர்வீன் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை, பஸ் வரும் நேரம் அது.

"ரூம் வேணாம் சார், இன்னொரு ஜன்னல் வெச்சிக் குடுங்க."

இப்போதும் யாராவது வந்து "உங்க ஸ்கூல் எப்படி மேடம்?" என்று கேட்டால், அடுத்த பேரை ஊர் இன்னும் முடிவு பண்ணவில்லை என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, ஆனால் சிரித்துக்கொண்டே அப்ளிகேஷனைத்தான் நீட்டுகிறேன்.