ஐந்து சுல்தான்களுக்கு நான் தைத்த கோட்டு

பெரியவளுக்கு இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் டெல்லி சுல்தான்கள் பாடம் வந்திருக்கிறது. ஐந்து வம்சங்களையும் வரிசையாகச் சொல்ல வராமல் தடுமாறினாள். நான் சட்டென்று சொன்னேன்: அடிமை, கில்ஜி, துக்ளக், சையது, லோதி. "ஆறாவதோட நின்ன அத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று இரண்டு பேரும் சிரித்தீர்கள். எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுதுகிறேன். உங்கம்மாவிடம் கேட்டால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நீங்கள் பிறக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கோட்டைமேட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை வாசலில், கடைக்காரர் விட்டுக்கொடுத்த ஓரத்தில், என் தையல் மிஷினைப் போட்டிருந்தேன். எதிர்க்கடையில் காலையிலேயே டேப் ரெக்கார்டர் பாட ஆரம்பித்துவிடும். வேகமான பாட்டு வந்தால் என் கால் வேகமாக மிதிக்கும்; சோகப் பாட்டு வந்தால் தையலும் மெதுவாகும். இப்போதும் அந்தப் பாட்டுகள் எங்காவது கேட்டால் கால் தானாக ஆடுகிறது. ஆனால் மழை வந்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். சொந்தமாக ஒரு சின்னக் கடையை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே ஆசை.

அந்த ஜவுளிக்கடைக்கு அன்னூரிலிருந்து ஒரு கவுண்டர் வருவார். தோட்டம் துரவு உள்ளவர். ஊரில் ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார். வெள்ளைத் துணி எடுத்து அங்கேயே என்னிடம் சட்டைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாள் அளவு கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"ஏனுங்க பாய், பள்ளிக்கோடத்துல ஆண்டு விழாங்க. டெல்லிய ஆண்ட அஞ்சு வம்சத்து ராசாக்களும் மேடையில நடந்து வாராப்பல ஒண்ணு வெச்சிருக்கறோம். உடுப்பு நீங்க தெச்சுக் குடுக்கோணுமுங்க."

"தெச்சுரலாமுங்க. எப்படித் தெக்கறதுன்னு..."

"அதை நான் உங்களுக்குச் சொல்லோணுமாக்கும்? எல்லாம் உங்க ஆளுகதானுங்களே! இது நல்லபடியா அமைஞ்சா, ஜூன் மாசம் பள்ளிக்கோடத்துக்கே யூனிபாரம் உங்களுக்குத்தானுங்க."

பள்ளிக்கூடம் முழுக்க யூனிபாரம் என்றால் எனக்குக் கடை வந்துவிடும். அதனால் தலையாட்டிவிட்டேன். சுல்தான்களைப் பற்றி எனக்கு ஒரு வரி தெரியாது. எங்கள் அத்தா சந்தை சந்தையாகப் போய்க் கயிறு விற்றவர். எங்கள் வீட்டில் யாரும் டெல்லி ரயிலைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் "உங்க ஆளுக" என்று அவர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது, மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்குத் தெரிந்து ஒரு மனுசன் ராஜா மாதிரி உடுத்துவது கல்யாணத்தன்றைக்குத்தான். மாப்பிள்ளைக் கோட்டு நான் நிறையத் தைத்திருக்கிறேன். கழுத்துவரை பித்தான், முழங்காலுக்குக் கீழே நீளம், சந்தன நிறம், தலைக்கு ஜரிகைத் தொப்பி. அதே மாதிரி ஐந்து தைத்தேன். பித்தான் துளைக்குக் காஜா எல்லாம் உங்கம்மாதான் போட்டாள். போடும்போதே கேட்டாள், "ஏனுங்க, அஞ்சு வம்சம்னா அஞ்சும் ஒரே மாதிரியா இருப்பாங்க?" அவள் பத்தாவது படித்தவள். நான் காதில் வாங்கவில்லை.

ஒத்திகைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அன்னூர் பஸ் ஏறினேன். ஐந்து பையன்களும் உடுத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எனக்குப் பார்க்கக் கண் நிறைந்திருந்தது. சரித்திர டீச்சர் முன்னாலும் பின்னாலும் நடந்து பார்த்தார். கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அழகாத்தானுங்க இருக்குது பாய். இதுல அடிமை வம்சம் யாருங்க?" என்றார் டீச்சர்.

"முதல்ல நிக்கறவருங்க."

டீச்சர் பையன்களை இடம் மாற்றி நிற்கவைத்தார். "இப்பங்க?"

நான் ஐந்து கோட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் பிள்ளை கத்தியது: "டீச்சர், அஞ்சு மாப்பிள்ளை வந்திருக்குது, பொண்ணு எங்கீங்க?" கூடமே சிரித்தது. டீச்சர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

பிள்ளைகளே, அப்போதும் நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். 'அந்தக் காலத்தில் இப்படித்தான்' என்றால் அங்கே யார் மறுப்பார்கள்? நான்தானே அந்தச் சுல்தான்களின் ஆள். ஆனால் நூறு பிள்ளைகள் அதைச் சரித்திரம் என்று நினைத்துக்கொண்டு போகுமே என்று தோன்றியது. கவுண்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க. சுல்தானுங்களப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. யூனிபாரத்துக்கு ஆசப்பட்டுத் தலையாட்டிப்போட்டேன்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்து பையன்களை ஒருமுறை பார்த்தார். பிறகு டீச்சரிடம், "அந்தச் சரித்திரப் புஸ்தகத்த இவர்கிட்டக் குடுங்கம்மணி. இன்னும் ஒரு வாரம் இருக்குது" என்றார். என்னிடம், "யூனிபாரத்தப் பத்தி அப்புறம் பாக்கலாமுங்க" என்றார். அந்த 'அப்புறம்' பஸ்ஸில் வீடு வரும்வரை காதிலேயே இருந்தது.

அந்த ஒரு வாரத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால், தைத்ததை நான் பிரிப்பேன், உங்கம்மா பாடத்தைப் படிப்பாள். விலைக்கு வாங்கப்பட்ட அடிமை ஒருவர் தளபதியாகி, சுல்தானாகவே ஆனதைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது. அதே வம்சத்தில் ஒரு பெண் அரியணை ஏறினார் என்று வந்ததும் அவள் அந்த வரியை மறுபடியும் சத்தமாகப் படித்தாள். "கேட்டுச்சுங்களா?" என்றாள். கில்ஜி சுல்தான் சந்தையில் துணிக்குக்கூட விலை கட்டிவைத்தார் என்றதும், ஜவுளிக்கடைக்காரரிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று இருவரும் சிரித்தோம்.

ஒரு இடத்தில், மதுரையிலும் சில காலம் சுல்தான்கள் ஆண்டார்கள் என்றாள்.

"மதுரைன்னா, எந்த மதுரை?"

"பஸ்ஸுல போவமே, அந்த மதுரைதானுங்க."

நான் அதுவரை சுல்தான் என்றாலே எங்கோ வடக்கே, பாலைவனத்துக்குப் பக்கம் என்று நினைத்திருந்தேன்.

புதுத் துணி எடுக்க வழியில்லை. இருந்த ஐந்து கோட்டையும்தான் மாற்ற வேண்டும். அடிமை வம்சத்துக் கோட்டின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டு, உள்ளே சாயம் போடாத முரட்டுக் காடாத் துணியில் சட்டை வைத்தேன். வந்த வழி தெரியட்டும் என்று. கில்ஜிக்கு இடுப்பில் சந்தைத் தராசு ஒன்றைக் கட்டினேன். தலைநகரத்தையே டெல்லியிலிருந்து தெற்கே தூக்கிப்போன துக்ளக்குக்குத் தோளில் ஒரு துணி மூட்டை. சையதுகள் காலத்தில் ராஜ்யம் டெல்லியைச் சுற்றிச் சுருங்கிவிட்டது என்று படித்தோம். அதனால் சையது கோட்டின் நீளத்தை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டேன். "அந்தப் பையன் அழப்போறானுங்க" என்றாள் உங்கம்மா. முதல் லோதி சுல்தான் அரியணையில் தனியாக உட்காராமல் பிரபுக்களோடு கம்பளத்தில் உட்காருவாராம். என்னிடம் இருந்த வெட்டுத்துணிகளை எல்லாம் ஒட்டுப்போட்டு ஒரு பெரிய கம்பளம் தைத்தேன். அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

விழாவுக்கு உங்கம்மாவும் வந்தாள். ஒவ்வொருவராக மேடையில் வரும்போது டீச்சர் மைக்கில் நாலு வரி சொன்னார். குட்டைக் கோட்டு சையது வந்தபோது கூட்டம் சிரித்தது. அந்தப் பையன் அழவில்லை. கோட்டை இன்னும் மேலே தூக்கிக்காட்டிவிட்டுப் போனான். கடைசியில் லோதி கம்பளத்தை விரித்து மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தான். அது பாடத்தில் இல்லை, அவனாகச் செய்தது.

விழா முடிந்து கவுண்டர் எங்களிடம் வந்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க பாய். பசங்க சட்டை டவுசர் உங்களுக்குங்க, ஜூன்ல அளவெடுக்க வந்துருங்க. புள்ளைக பாவாடை எங்கூரு டைலருக்கு."

என் முகம் சுருங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட வாரதுக்கு முன்னால அவருகிட்டத்தான் போனேன். 'எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்ச ஆளாப் பாருங்க'ன்னு அன்னைக்கே சொல்லிப்போட்டாரு. நீங்களும் சொன்னீங்க, இல்லேன்னு சொல்லலீங்க. அவரு முதல்லயே சொன்னாருங்க."

உங்கம்மா என் முழங்கையைத் தட்டி, "வாங்க, பஸ் போயிரும்" என்றாள்.

பாதி ஆர்டருக்குப் பாதிக் கடைதான் கிடைத்தது. கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவரோடு சேர்ந்து எடுத்தோம். குறுக்கே ஒரு பலகை, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நீங்கள் இருவரும் முதன்முதலில் போட்ட சட்டை அங்கே தைத்ததுதான்.