அம்மாவைச் செய்யாத வேஷக்காரர்

ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு, சுற்றுவட்டாரத்தில் வழங்கிய பெயர் வேஷக்காரப் பட்டி. சர்க்கார் கணக்கில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லி டிக்கெட் கேட்டால் கண்டக்டர் முழிப்பார்.

இத்தனைக்கும் ஊர் முழுக்க வேஷம் கட்டவில்லை. கட்டியவர்கள் மூன்றே பேர்: திராட்சைப் பந்தல்களுக்கு மருந்தடிக்கப் போகும் என் சித்தப்பா, தையல்கடைக்காரர், சைக்கிள்கடைக்காரர். மற்ற நாங்களெல்லாம் அவர்கள் கேலி செய்வதற்கு ஆளாகிக் கொடுத்தோம். அதுவும் ஒரு வேலைதான், லேசாக நினைத்துவிட வேண்டாம்.

சித்திரைத் திருவிழாவில் மஞ்சள் நீராட்டு அன்று மத்தியானம், கோயில் வாசலில் அவர்கள் ஆட்டம் தொடங்கும். ராஜா வேஷம், சாமி வேஷம் எதுவும் கிடையாது. ஊர்க்காரர்களையே ஒவ்வொருவராகச் செய்துகாட்டுவார்கள். பலசரக்குக் கடைக்காரர் தராசைச் சுண்டுவது, பூசாரி திருநீறு கொடுக்கும்போதே அடுத்த தட்டைப் பார்ப்பது, எல்லாம் வரும். என் அப்பா பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமி, வேட்டியை ஏற்றிக் கட்டி, மறுபடி செருமுவார். அதைச் சித்தப்பா செய்துகாட்டிய பிறகு பாவம் மனுஷன் சளி பிடித்தால்கூட இருமாமல் சுற்றிக்கொண்டிருந்தார். நானும் தப்பவில்லை. பரீட்சைக்கு நடந்துகொண்டே மனப்பாடம் செய்வேன். ஆடு வந்து புத்தகத்தைத் தின்பதுகூடத் தெரியாமல் நான் சரித்திரம் ஒப்பிப்பதாகச் செய்தார்கள். ஆடாக வந்தவர் தையல்கடைக்காரர். சரியாக மென்றார், பாவி.

கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் தன்னைச் செய்யாமல் விட்டால்தான் பெரிய கோபம் வரும். "ஏன்டா, நான் உசுரோடதான இருக்கேன்?" என்று ஒரு கிழவர் கம்பை ஓங்கிக்கொண்டு ஆட்டத்துக்கு நடுவில் வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். உத்தமபாளையத்திலிருந்து வரும் தபால்காரர் என்னையும் செய்யுங்கள் என்று கெஞ்சியும் பார்த்தார், நடக்கவில்லை. விருந்தாளியைக் கேலி செய்யக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. ஊர்க்காரருக்கு மட்டுமே அந்த மரியாதை.

இங்கேதான் என் அம்மா வந்து மாட்டினாள்.

அம்மா போடியில் ஏலக்காய்க் கடைக்காரர் மகள். கல்யாணமாகி வந்த முதல் திருவிழாவிலேயே தன் புருஷனைப் போல நடுத்தெருவில் செருமிக் காட்டியதைப் பார்த்து அவளுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் நேராகப் போய், "அவுகளச் செஞ்சதோட நிறுத்திக்கிடுங்க. என்னயச் செஞ்சீக, வெளக்கமாறு பிஞ்சிரும்" என்றாளாம்.

சித்தப்பா, "சரிங்க மதினி" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் வினை.

முதலில் அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. "என்கிட்ட வாலாட்டுவாகளா?" என்று போடிக்குப் போகும்போதெல்லாம் சொல்லிக்கொள்வாள். பிறகு வருஷங்கள் போயின. நாங்கள் பிறந்தோம், வளர்ந்தோம், ஆடு தின்றது. பக்கத்து வீட்டு அத்தையை வருஷம் தவறாமல் செய்தார்கள். அம்மாவுக்கு மெல்ல மெல்ல உறைக்க ஆரம்பித்தது. "அவகிட்ட என்ன இருக்குன்னு அவளச் செய்றாக? நடக்கிறா, வாரா. அம்புட்டுத்தான்" என்பாள் எங்களிடம்.

வாய்விட்டுக் கேட்க மாட்டாள். ரோஷம்! "நான் வேணா அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லட்டா?" என்று அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டால், "சொன்னீகன்னா நான் போடிக்குப் போயிருவேன்" என்பாள். எதற்கெடுத்தாலும் போடிதான். குழம்பில் உப்பு என்றால் போடி. கறவை மாடு உதைத்தால் போடி. ஒரு தடவைகூடக் கோபத்தில் பஸ் ஏறியதில்லை.

சித்தப்பா எங்கள் பந்தலுக்கு மருந்தடிக்க வரும் நாட்களில் அம்மா படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. சாதாரணமாகப் பேசுகிறவள் அன்றைக்கு மட்டும் கையை வீசி வீசிப் பேசுவாள். டம்ளரை டங்கென்று வைப்பாள். கோழியை விரட்டுவதில்கூட ஒரு ஜாடை இருக்கும். எனக்கு மானம் போகும். அவரோ தலை நிமிராமல் காப்பியைக் குடித்துவிட்டு, "நல்லா இருந்துச்சுங்க மதினி" என்று எழுந்து போய்விடுவார். மற்ற மதினிமார்களை வா, போ என்று வம்பிழுக்கிறவர் அம்மாவிடம் மட்டும் வாங்க, போங்க. கொழுந்தன் முறைக்காரன் கேலி பேசாமல் மரியாதை கொடுப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு வருஷம், ஊருக்கு வந்து இரண்டாவது திருவிழா பார்க்கும் வாத்தியார் மனைவியைச் செய்துவிட்டார்கள். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. "நேத்து வந்தவ அவ. நான் இங்கன வந்து மூணு பிள்ளையப் பெத்திருக்கேன். நான் செத்தாலும் போடிக்காரியத் தூக்கிட்டுப் போறாகன்னுதான் சொல்லுவாக" என்று சொல்லிவிட்டு அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா செருமக்கூட இல்லை. எங்களுக்கும் அதற்கு மேல் சிரிக்கத் தோன்றவில்லை.

அதற்கடுத்த தை மாதம் சின்னமனூரிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் பாதி எங்கள் ஊர்க்காரர்கள். மார்க்கையன்கோட்டையில் ஆடிவிட்டு வந்த சித்தப்பாவும் கடைசி சீட்டில் இருந்தார். அவருடைய வேஷப்பெட்டியை வழியில் வைத்திருந்தது அவருக்கு முன்சீட்டில் இருந்த ஒரு பெரிய மனிதருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் துண்டால் மீசையை ஒற்றி ஒற்றி, "ஊரு பூராம் கூத்தாடிப் பயலுக. ஒருத்தனாவது உருப்படியா உண்டா?" என்றார். சித்தப்பா சிரித்துக்கொண்டே பெட்டியை நகர்த்தினார்.

அம்மா எழுந்துவிட்டாள். "ஏன், எங்க ஊருக்கு என்னவாம்?" என்று ஆரம்பித்தவள், திடீரென்று முந்தானையை எடுத்து உதட்டுக்கு மேல் ஒற்றினாள். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். "ஒருத்தனாவது உருப்படியா உண்டா?" என்று மறுபடி ஒற்றினாள். அட, அதே மனிதர்! அதே குரல்! மீசை ஒன்றுதான் குறை. பஸ் அதிர்ந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். பெரிய மனிதர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனார்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இறங்கியதும் அம்மாவிடம் வந்து, "மதினி, அவன் எடக்கையில தொடச்சான். நீங்க வலக்கையில தொடச்சிட்டீக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தச் சித்திரையில் ஆட்டம் முடியப்போகும் நேரம். எல்லாரும் மஞ்சள் தண்ணீரில் நனைந்து நிற்கிறோம். சித்தப்பா புடவை கட்டி, பெரிய கொண்டை வைத்து, முறுக்கு டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். யாரென்று யாருக்கும் பிடிபடவில்லை. வந்தவர் நடுவில் வராமல் கோயில் சுவர் ஓரமாகப் போய், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்காதது போல் பார்த்தார். தையல்கடைக்காரர் ஒரு பெண்ணாக நடந்து வந்ததும், இவர் கழுத்தை நீட்டி, "நானா?" என்று கண்ணாலேயே கேட்டார். இல்லையென்றதும் சுருங்கிப்போய், "எனக்கு அடுப்பில வேல கெடக்கு" என்று நாலடி நடந்து, திரும்பிப் பார்த்து, மறுபடி வந்து சுவரோரம் நின்றார்.

ஊரே ஒரே நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பியது. அங்கே முக்காட்டோடும் முறுக்கு டின்னோடும் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஐயோ, அந்த முகம்!

இத்தனை வருஷமும் தலை நிமிராத அந்த மனிதர் எல்லாவற்றையும் பார்த்துத்தான் இருந்திருக்கிறார்.

சித்தப்பா விடவில்லை. "நான் போடிக்குப் போறேன்!" என்று வயர் பையைத் தூக்கினார். சைக்கிள்கடைக்காரர் பஸ்ஸாக உறுமிக்கொண்டு வந்து நின்றார். ஒரு காலைப் படியில் வைத்த சித்தப்பா, குரலைத் தணித்துக் கேட்டார்: "இந்த பஸ்ஸு எப்பத் திரும்பி வரும்? வரும்ல?"

சிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை மூக்கைச் சிந்தினாள். சித்தப்பா வேஷப்பெட்டியைத் திறந்து ஒரு புது விளக்கமாற்றை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "நான் சொன்ன சொல்லு தவறிட்டேன். நீ தவறிராத மதினி."

அம்மா அடித்தாள். கோயிலைச் சுற்றிச் சுற்றி விரட்டி அடித்தாள். கொண்டை கழன்று ஒருபக்கம் போனது, முறுக்கு உருண்டது, ஈர்க்கு ஈர்க்காகப் பிய்ந்தது விளக்கமாறு. "விடாத, இன்னும் ரெண்டு போடு!" என்று கத்திவிட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா வாசற்படியில் நின்று, நன்றாகச் செருமி, வேட்டியை ஏற்றிக் கட்டி, "சாயங்கால பஸ்ஸுக்கு போடி கெளம்புறியா?" என்றார்.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் வச்சிருந்த கொண்டையப் பாத்தீகளா? அம்புட்டுப் பெருசாவா இருக்கு எனக்கு? அடுத்த வருசமாவது ஒழுங்காச் செய்யச் சொல்லுங்க."