பள்ளம் வருகுது

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, எனக்குத் தும்மினாலே சிறுநீர் கசிந்துவிடும். கணவரின் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனால், ஸ்கந்தபுரத்துச் செம்மண் கிறவல் வீதியின் ஒவ்வொரு பள்ளத்திலும் சேலை நனையும். வெட்கத்தில், "நான் நடந்து வாறன்" என்றுவிடுவேன். தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன். ஒருநாள் மிளகாய்த் தோட்டத்தில் மயங்கி விழுந்தேன்.

வீட்டுக்குப் பார்க்க வந்த மருத்துவமாதுவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"தண்ணி குடிக்கிறதை விடாதேங்கோ," என்றார் அவர். "மூத்திரத்தை அடக்கிற மாதிரி அந்த இடத்தை இறுக்கி இறுக்கி விடுங்கோ. ஒவ்வொரு நாளும் செய்தால் சரிவரும். சைக்கிள் குலுங்க முன்னமும் இறுக்குங்கோ."

பக்கத்தில் நின்ற கணவர், "நீர் சைக்கிளில ஏறாதது என்னோட கோவத்தில எண்டெல்லோ நினைச்சனான்," என்றார்.

அன்றிலிருந்து மீண்டும் சைக்கிளில் ஏறினேன். வீதியில் அவர், "பள்ளம் வருகுது" என்பார், நான் இறுக்குவேன். சில மாதங்களில் கசிவு நின்றுவிட்டது. இப்போதும் பயிற்சியை விடவில்லை, தண்ணீரும் வேண்டியமட்டும் குடிக்கிறேன். பள்ளத்தை எனக்கு இனிச் சொல்லத் தேவையில்லை என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.