தண்ணீர் போன பக்கம்

நாள் முழுக்கத் தாமதமாக ஊர்ந்த ரயில் என்னையும் அம்மாவையும் எழும்பூரில் இறக்கிவிட்டபோது இரவு பதினொன்று தாண்டிவிட்டது. காலை பத்து மணிக்குக் கடற்கரையோரம் ஓர் அலுவலகத்தில் விசாரணை. அப்பா செத்த பிறகு, பாபநாசம் பக்கத்தில் எங்கள் குத்தகை வயலை அம்மாதான் சாகுபடி செய்தாள். "பொம்பளைக்கு என்ன விவசாயம் தெரியும்? இனி நானே பாத்துக்கறேன்" என்று மிராசுதார் பட்டணம் வரைக்கும் போய் மனுப் போட்டிருந்தார். தோற்றால் எங்களுக்குச் சோறில்லை.

ரிக்‌ஷாக்காரரிடம் வழி கேட்கலாம் என்றேன். அம்மாவுக்குப் பட்டணத்தில் யார்மீதும் நம்பிக்கை இல்லை. கூவத்துப் பாலத்தில் நின்று ஒரு காகிதத்தைக் கசக்கித் தண்ணீரில் போட்டாள்.

"அந்தா போவுது பாரு. அது போற பக்கம் போனா கடலு வந்துடும். வாடி."

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆளுக்கு ஆறென்றால் கிழக்கே, கடலுக்குத்தான் போகும். நடந்தோம். அந்த நாற்றத்தை என்னவென்று சொல்ல! கழுத்து வலிக்கிற உயரத்தில் தலைவர்களின் கட்-அவுட்டுகள். அவற்றின் காலடியில், நடைபாதை முழுக்கத் தூங்கும் சனம். ஒரு சுவரில் 'உழுபவனுக்கே நிலம்' என்று எழுதியிருந்தது. அதன்மேலேயே ஒருவன் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"நம்ம கேசு தெரிஞ்ச ஆளு போலருக்கு," என்றாள் அம்மா.

இரண்டு மணியாகியும் கடல் வரவில்லை. ரோந்து வந்த போலீஸ்காரர், நாங்கள் தண்ணீரைப் பார்த்து வழி வந்த கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"கடல் அந்தாண்ட இருக்குதும்மா. கடல் தண்ணி ஏறுச்சுன்னா கூவம் பின்பக்கமா ஓடும். நீங்க மேக்கால வந்துட்டீங்க."

"தண்ணி திரும்பி ஏறுற ஊரா! இங்கயா நியாயம் கேக்க வந்தோம்? வெளங்கிடும்!"

திட்டிவிட்டாளே தவிர, திரும்பி நடக்கையில் ஆள் ஒடிந்துபோயிருந்தாள். "தண்ணி போற பக்கம்கூடத் தெரியலியேடி எனக்கு" என்று ஒருமுறை சொன்னாள்.

காலையில் அதிகாரி முதலில் மிராசுதாரைக் கேட்டார்.

"அந்த வயலுக்குத் தண்ணி எந்தப் பக்கத்துலேந்து பாயுது?"

வெள்ளைவேட்டி மிராசுதார் திரும்பி, தன் நிலங்களைக் கவனிக்கும் காரியஸ்தரின் முகத்தைப் பார்த்தார்.

"அவரைக் கேக்கலிங்க. நீங்க சொல்லுங்கம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல மேக்கேந்து வருங்க. மேல மடையை நான்தான் மம்மட்டி போட்டுத் தொறப்பேன். உங்க ஊருல அது எப்படி வேணா ஓடட்டுங்க, எனக்குத் தெரியாது."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். அந்த வருஷக் குறுவை நெல்லை அதே வயலில் அம்மாதான் நட்டாள்.