பட்டுப் பாவாடை கட்டிய வைக்கோல் பெண்

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்றே முக்காலுக்கு என் கணவர் காரை நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். மகளைக் கூட்டிவரப் போனவர். மலை முகாமுக்குப் போன பிள்ளைகளை மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"பஸ் வழியில எங்கேயோ நின்னுடுச்சாம். வேற பஸ் அனுப்பியிருக்காங்களாம். வீட்டுக்குப் போங்க, டீச்சரே கொண்டுவந்து விடுவாங்கன்னு ஸ்கூல் கேர்டேக்கர் சொன்னாரு."

"எங்கேயோன்னா எங்கே?"

"எங்கேயோன்னா எங்கேயோதான். அவருக்கே தெரியலை. கொஞ்சம் காப்பி போடேன்."

பள்ளிக்கு போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? கையோடு கைபேசி வைத்திருக்கும் காலமல்ல அது. தொண்ணூறுகளில் ஒரு பிள்ளை கண்ணுக்கு மறைந்தால் மறைந்ததுதான், அதுவாக வந்து நிற்கும்வரை.

காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். பக்கத்து வீட்டுப் புல்வெளியில் ஒருத்தி கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். வைக்கோல் முகம், பூப்போட்ட தலைத்துணி. இடுப்பில் என் மகளின் அரக்கு நிறப் பட்டுப் பாவாடை.

"அது நம்ம பாவாடை இல்ல?"

"ஆமா. பொம்மைக்குப் பளிச்சுனு ஒரு பழைய பாவாடை வேணும்னு நேத்து கேட்டாங்க. அவளுக்குத்தான் பத்தலையே. நம்ம கொலு மாதிரி ஏதோ வைக்கிறாங்கன்னு நினைச்சேன். பட்டுன்னா எடுப்பா இருக்கும்ல?"

கொலு மாதிரியாம். பொறியியல் படித்தவர்.

பக்கத்து வீட்டுக்காரி ரஷ்யாவில் யூரல் மலைப் பக்கத்திலிருந்து வந்தவள். நாங்கள் ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் வாடகைக்கு வந்த வருடமே அவளும் கணவனும் வந்தார்கள். அவர்கள் ஊரில் பண்டிகைக்குப் பஞ்சமே இல்லை. புத்தாண்டு முடிந்து இரண்டு வாரத்தில் பழைய புத்தாண்டு என்று இன்னொன்று. ஈஸ்டருக்கு வெங்காயச் சருகில் வேகவைத்த சிவப்பு முட்டைகள். எங்கள் வீட்டில் முட்டை சாப்பிட மாட்டோம் என்று மூன்று தடவை சொல்லியும் கூடையோடு வந்து நிற்பாள். பதிலுக்கு நான் முறுக்கு கொடுப்பேன். இந்த முறை மாஸ்லெனித்சா. நாற்பது நாள் நோன்புக்கு முன் ஒரு வாரம் முழுக்க வெண்ணெயும் அப்பமுமாகத் தின்று குளிர்காலத்தை வழியனுப்புகிற திருவிழாவாம். ஆக்லாந்தில் அப்போதுதான் கோடை முடிந்துகொண்டிருந்தது. குளிர் இனிமேல்தான் வரவேண்டும். வராத விருந்தாளியை எப்படி வழியனுப்புவது என்று கேட்டேன். "நீ சாப்பிட வா" என்று மட்டும் சொன்னாள்.

பாவாடையைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்கலாம் என்றுதான் போனேன். அப்பம் அடுக்கிய மேசைக்கு முன்னால் என்னுடைய யாழ்ப்பாணத்துச் சிநேகிதி தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"வாங்கோ, வாங்கோ. சுடச்சுடச் சாப்பிடுங்கோ. இது முடிய அந்தப் பொம்பிளையைக் கொளுத்தப் போகினமாம்."

"எதை?"

"அதைத்தான். பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு நிக்கிறா. என்னப்பா, ஏன் முகம் இப்பிடிப் போகுது?"

என் பெரியப்பா காசிக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சில வருடங்கள் பார்த்துவிட்டு, தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அவருடைய வேட்டியையே சுற்றி, அதற்குக் கொள்ளி வைத்தார்கள். பன்னிரண்டு வயதில் அதை ஓரமாக நின்று பார்த்தவள் நான். நான் பௌதிகம் படித்தவள். சகுனம் பார்ப்பதில்லை. ஆனால் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியாத நேரத்தில், அவள் துணியைக் கட்டிய புல் உருவத்துக்குத் தீ வைப்பதைப் பார்த்துக்கொண்டு அப்பம் சாப்பிட எந்தப் படிப்பும் உதவாது.

பின்னாலேயே வந்த கணவரிடம் சொன்னேன்.

"போகிக்குப் பழசைக் கொளுத்துறதில்லையா? அது மாதிரிதான்."

"போகிக்குத் துணியைக் கொளுத்துவோம். துணிக்குள்ள ஆளை வெச்சுக் கொளுத்த மாட்டோம்."

"அது வைக்கோல்!"

"கத்தாதைங்கோ ரெண்டு பேரும்," என்றாள் சிநேகிதி. "எல்லாரும் பாக்கினம்."

அப்போது பக்கத்து வீட்டுக்காரி நேராக என்னிடம் வந்தாள். கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, இடுப்பு வரை குனிந்து, "என்னை மன்னித்துவிடு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பாடா, இவளுக்காவது புரிந்ததே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"மன்னிச்சேன். முதலில் அந்தப் பாவாடையைக் கழற்று."

"எந்தப் பாவாடை?" என்றாள்.

பிறகுதான் தெரிந்தது, அது மன்னிப்பு ஞாயிறு. நோன்புக்கு முந்தைய நாள் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார்களாம், இன்ன தப்பு என்று கணக்கில்லாமல். என்னிடம் கேட்டுவிட்டு அடுத்து என் கணவரிடம் குனிந்தாள். அவர் பதறிப்போய்ப் பதிலுக்குக் கும்பிட்டார். இதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இருக்கவில்லை. பாவாடை வேண்டும் என்றேன். முடியாது, நிறுத்தி வைத்த பொம்மையின் உடுப்பை உருவக் கூடாது, வருடம் முழுக்க ஆகாது என்றாள். அவளுடைய ஊர் வழக்கமாம்.

வீட்டுக்கு ஓடி, கொடியில் காய்ந்த என் நைலக்ஸ் புடவையை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"இதைச் சுத்து. அதைக் கொடு."

கணவர் என் கையைப் பிடித்தார். "அப்போ உன் புடவைன்னா பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

அதைச் சொன்ன குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. எங்கள் தமிழ் அவளுக்கு எப்படிப் புரிந்திருக்கும்? பக்கத்து வீட்டுக்காரி புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உன் மகள் எங்கே?" என்றாள்.

சொன்னேன். முகாம், பஸ், எங்கேயோ. என் ஆங்கிலம் அன்று அவள் ஆங்கிலத்தைவிட மோசமாக இருந்தது. அவள் வீட்டுக்குள் போய், கணுக்கால் வரை நீளும் கறுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்றோடு வந்தாள். ரஷ்யாவிலிருந்து விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்ததாம். இங்கே ஒரு நாள்கூடப் போட்டதில்லை.

"குளிர்காலத்தைத்தானே எரிக்கிறோம்," என்று தன் கணவனுக்குக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ரஷ்ய மொழியில் இன்னும் நிறையச் சொன்னாள். அவன் ஏதோ ஆட்சேபித்தான். அவள் விடவில்லை. கோட்டை மாட்டிப் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டாள். அப்புறம் அதற்குள் கையை விட்டு, பாவாடையின் நாடாவை அவிழ்த்து உருவி என்னிடம் கொடுத்தாள். ஒரு நிமிடமும் பொம்மை உடுப்பில்லாமல் நிற்கவில்லை. ஊர் வழக்கம் கெடவில்லை.

பாதியாக வெட்டிய டிரம்மில் பொம்மையை நட்டுத் தீ வைத்தார்கள். கம்பளி கருகும் நாற்றம் தெருவையே தூக்கியது. எதிர்வீட்டில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். அவள் சத்தமாகப் பாட, அவள் கணவன் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றான். மணியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சிநேகிதி என் முழங்கையைப் பிடித்தபடி மெல்லிய குரலில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவர் தெருப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். காப்பி கேட்கவில்லை.

நெருப்பு கோட்டின் கழுத்துக்கு வந்தபோது வாசலில் ஒரு வேன் கதவு இழுபட்டு மூடியது. முழங்கால் வரை சேறோடு, ஒரு தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பக்கவாட்டுச் சந்து வழியாக என் மகள் வந்தாள். எரிகிற உருவத்தைப் பார்த்தாள். கூடி நிற்கிற எங்களைப் பார்த்தாள். பாவாடையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுகிற என்னைப் பார்த்தாள்.

"மம், வாட்ஸ் ராங்? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.