ஏழு பேருக்கு ஒரே கையெழுத்து

மயிலாப்பூரில் நான் சமூக அறிவியல் நடத்தும் பள்ளியில், ஏழு பெண்களை வட்டமாக உட்கார வைத்துச் சேர்ந்து படிக்கச் செய்தது நான்தான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. பழியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடையாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஏழு பெண்களும் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது வாயைத் திறக்கவே மாட்டார்கள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று பெஞ்சையே பார்ப்பார்கள். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ஒரு மாதம் கத்திப் பார்த்தேன். பிறகு பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, இனி யாரையும் தனியாக எழுப்பிக் கேட்க மாட்டேன், ஏழு பேரும் பேசி முடிவு செய்து ஒருத்தி பதில் சொன்னால் போதும் என்றேன். யாரையும் தனியாக விட்டுவிடக் கூடாது என்பது விதி. கூடவே இன்னொன்றும் சொன்னேன்: கையெழுத்து அழகாக இருக்கிறவள் குழுவுக்காக எழுதட்டும், குரல் கணீரென்று இருக்கிறவள் எழுந்து சொல்லட்டும். கையெழுத்துக்கு நம் பள்ளிகளில் இருக்கும் மவுசு தெரிந்ததுதானே. பார்வையிட வருகிற அதிகாரி முதலில் நோட்டைத்தான் புரட்டுவார்.

கணீர்க் குரல்காரி நொச்சிக்குப்பத்துப் பெண். மற்றவர்கள் காதோடு காதாக ஓதுவார்கள். அவள் எழுந்து நிலச்சீர்திருத்தத்தைப் பற்றி மேடைப் பேச்சே பேசிவிடுவாள். அவளைப் பார்த்து மற்ற ஆறு பேருக்கும் தைரியம் வந்தது. ஒரு வருடத்தில் அந்த வகுப்பில் நான் பேசுவதற்கு இடமே கிடைக்கவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மீன் விற்கிற அவளுடைய அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். "இது என்னாட்டம் மீன் பலகையாண்ட குந்தக் கூடாது டீச்சர். பத்தாவது மட்டும் தாண்டிட்சின்னா போதும், நர்ஸுக்குப் படிக்க வெச்சிருவேன்" என்றார். இந்தப் பள்ளியிலேயே உங்கள் பெண்ணைப் போலப் பேசத் தெரிந்தவள் கிடையாது, கவலையே வேண்டாம் என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தேர்வுகளில் மட்டும் அவளுக்கு மதிப்பெண் வராது. ஒரு வரி, இரண்டு வரி, மிச்சம் கேள்வித்தாளில் இருப்பதையே திருப்பி வரைந்திருப்பாள். வாயாடி, எழுதத்தான் சோம்பேறி என்று நாங்கள் ஐந்து ஆசிரியர்களும் ஓய்வறையில் பேசிக்கொள்வோம். அவளிடமும் அதையே சொல்வேன். சிரித்துக்கொள்வாள்.

ஒன்பதாவதில் நாங்கள் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. பத்தாம் வகுப்பில், ஜனவரியில் வைத்த திருப்புதல் தேர்வில் வெள்ளைத்தாளைக் கொடுத்தாள். எனக்கு வந்ததே கோபம். எல்லோர் முன்னிலையிலும் அவளை நிற்க வைத்து, உன் அம்மா வெயிலில் உட்கார்ந்து மீன் விற்பது இதற்குத்தானா என்று கேட்டேன். குழுவுக்காக எழுதுகிற பெண் அழுதுகொண்டே எழுந்தாள்.

"அவளுக்குப் படிக்கத் தெரியாது மிஸ். எழுத்தே தெரியாது. நாங்கதான் படிச்சுச் சொல்லுவோம்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, யாரையும் தனியா விடக்கூடாதுன்னு."

அவர்கள் ஏமாற்றவில்லை. நான் போட்ட விதியை என்னைவிட ஒழுங்காகக் காப்பாற்றியிருந்தார்கள். ஒன்றரை வருடம் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் ஒருநாள்கூட நான் பேனாவைக் கொடுத்துப் பார்க்கவில்லை. வெட்கத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை.

தினமும் பள்ளி விட்டதும் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்துக் கூட்டச் சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிப்போனது. மற்ற ஆறு பேரும் வாசலில் காத்திருப்பார்கள்; நான் விரட்டிவிடுவேன். அவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்தேன். தனியாக ஆக்கிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது புரிகிறது. மார்ச் வருவதற்குள் தன் பெயரையும் சின்னச் சின்ன வார்த்தைகளையும் எழுதினாள். வகுப்பில் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள்.

ஆறு பேர் தேறினார்கள். அவள் ஒரு பாடத்திலும் தேறவில்லை. துணைத்தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்லிப் பலமுறை போன் செய்தேன், எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை நொச்சிக்குப்பத்துக்கே போனேன். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா முக்காலியைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். துணைத்தேர்வு என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"உடு டீச்சர். நீ எவ்ளோ பாடுபட்ட, இதோட கூட்டாளிங்க எல்லாம் சொல்லிச்சிங்க. இதுக்கு மண்டைல ஏறல. நீ இன்னா பண்ணுவ?"

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் மண்டையில் ஏறாதது ஒன்றுமில்லை என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன். சங்கரா மீன் இருக்கிறதா என்று கேட்டேன்.